மஸ்டாங்ல 3.55 கழட்டி 4.10 போட்டாச்சு: எங்க லாபம், எங்க நஷ்டம்

கிரவுன் பினியன் (பின் ஆக்சில் நடுவுல இருக்கற டிஃபரன்ஷியல், அதாவது டிஃப்புக்குள்ள இருக்கற பல்சக்கர ஜோடி) மாத்தினா கார் பறக்கும்னு சொல்றவங்களும் இருக்காங்க, ஹைவேல பெட்ரோல் குடிச்சே சாகடிக்கும்னு சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டு பேரும் கணக்கு போட்டுப் பாக்கறதில்ல. வண்டி 2006 மஸ்டாங் ஜிடி, 4.6 லிட்டர் 3 வால்வ் வி8, 300 எச்பி, 5 ஸ்பீடு மேனுவல் ட்ரெமெக் 3650 கியர்பாக்ஸ், பின்னாடி ஃபோர்டோட 8.8 இஞ்ச் சாலிட் ஆக்சில், கம்பெனில இருந்து வந்த டிஃப் ரேஷியோ 3.55, அதாவது ப்ராபல்லர் ஷாஃப்ட் 3.55 சுத்து சுத்தினா வீல் ஒரு சுத்து. இருக்கறது டெக்சஸ் ஆஸ்டின். தினமும் ஆபீஸ் போறதும் இதுலதான், எப்பவாவது டிராக் ஸ்ட்ரிப் (கால் மைல் நேர் ஓட்டத் தடம்) போறதும் இதுலதான். இத வச்சு படிங்க, உங்க வண்டி வேற, உங்க ரோடு வேறன்னா விடையும் வேற வரும்.

முதல்ல கணக்கு. மணிக்கு எத்தன மைல்ங்கற வேகம், அத கியர் ரேஷியோவால பெருக்கி, டிஃப் ரேஷியோவால பெருக்கி, 336-ஆல பெருக்கி, டயர் விட்டத்தால (இஞ்சுல) வகுத்தா ஆர்பிஎம் வந்துரும், அவ்ளோதான் சூத்திரம். என் டயர் 235/55 ஆர்17, விட்டம் 27.2 இஞ்ச்னு வச்சுக்கலாம். பாக்ஸ் ரேஷியோ 3.38, 2.00, 1.32, 1.00, 0.68. ரெட்லைன் (இஞ்சின் போகக்கூடிய உச்ச ஆர்பிஎம்) 6250.

இத போட்டா பழைய 3.55-ல ஃபர்ஸ்ட் 42 மைல்ல முடியுது, செகண்ட் 71, தேர்டு 108, ஃபோர்த் 142. 4.10-ல ஃபர்ஸ்ட் 36, செகண்ட் 61 சொச்சம், தேர்டு 93, ஃபோர்த் 123. இந்த எட்டு நம்பர ஒரு அட்டையில எழுதி கராஜ் செவுத்துல ஒட்டி வச்சிருந்தேன், ஏன்னா முடிவு முழுக்க இதுலதான் இருக்கு, மத்ததெல்லாம் இதோட விளைவு.

3.55-ல இருந்து 4.10 போனா 15.5 சதவீதம் ஷார்ட் ஆகுது. அதாவது எந்த கியர்ல இருந்தாலும் அதே கியர்ல வீலுக்கு போற டார்க் (சுத்து விசை) 15.5 சதவீதம் ஏறுது. கேக்க ஆசையாத்தான் இருக்கு. ஆனா "அதே கியர்ல" அப்படிங்கற வார்த்தைய கவனிங்க. 65 மைல்ல போய்ட்டிருக்கும்போது முழுசா மிதிக்கறீங்கன்னு வைங்க. 3.55 வண்டி இன்னும் செகண்ட்லயே இருக்கும், மொத்த பெருக்கல் 2.00 × 3.55 = 7.10. 4.10 வண்டி செகண்ட தாண்டி தேர்டுக்கு வந்தாச்சு, 1.32 × 4.10 = 5.41. அந்த இடத்துல 4.10 வண்டிக்கு வீல் டார்க் மடக்குனு கொறையுது, பக்கத்துல ஓடற 3.55 வண்டி முன்னாடி போகும். 36-ல இருந்து 42 வரைக்கும் இதே கதை, 93-ல இருந்து 108 வரைக்கும் இதே கதை, 123-ல இருந்து 142 வரைக்கும் இதே கதை. மத்த இடமெல்லாம் 4.10 ஜெயிக்கும். இஞ்சின் பவர் ஒரு எச்பி கூட ஏறல, அந்த பவர் எந்த வேகத்துல கைக்கு வருதுங்கறதுதான் இடம் மாறுது.

நெறைய பேரு தப்பா புரிஞ்சுக்கற இன்னொண்ணு, டிஃப் மாத்தினா கியருக்கு கியர் கேப் நெருங்கிடும்னு நினைக்கறது. நெருங்காது. 6000-ல ஃபர்ஸ்ட்ல இருந்து செகண்ட் போட்டா 3550-க்கு விழும், 3.31 டிஃப் ஆனாலும் சரி 4.56 ஆனாலும் சரி அதே 3550தான், ஏன்னா அந்த கேப் பாக்ஸுக்குள்ள இருக்கு. ஃபோர்த்ல இருந்து அஞ்சுக்கு போனா 6000-ல இருந்து 4080-க்கு தொபுக்கடீர். அது மாறணும்னா பாக்ஸத்தான் மாத்தணும்.

சரி ஏன் 3.73 போடல? 3.55-க்கும் 3.73-க்கும் வித்தியாசம் வெறும் 5 சதவீதம். அந்த 5 சதவீதத்துக்கு ஆக்சில கழட்டி, பேரிங் மாத்தி, சீல் மாத்தி, ஒரு வீக்கெண்ட் முழுக்க தரையில படுத்துக் கெடக்கறது எனக்கு சரியா படல. 285/35 ஆர்18 டயர் போட்டாலே விட்டம் 25.85 இஞ்சுக்கு வந்துரும், 3.55 கிட்டத்தட்ட 3.73 மாதிரி நடந்துக்கும். டயர் எப்படியும் தேயும், எப்படியும் வாங்கத்தான் போறீங்க. ஆனா சர்க்யூட் ஓட்டறவங்களுக்கு நான் இதயே சொல்ல மாட்டேன். நம்ம கூட்டத்துல ஒரு அண்ணன் இதே வண்டிய ட்ராக் டேக்கு சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ் (ஆஸ்டின் ரேஸ் ட்ராக்) கொண்டு போறவரு, அங்க பின்பக்க ஸ்ட்ரெயிட் நீளம், "தம்பி, 4.10 போட்டா ஃபோர்த் 123-ல முடிஞ்சிடும், ப்ரேக் மார்க்குக்கு முன்னாடி அஞ்சு போடணும், அஞ்சு போட்டா இஞ்சின் செத்துரும், போட்டதும் ப்ரேக் மிதிக்கணும், எதுக்குடா இந்த வேலை"ன்னாரு. அவருக்கு 3.73தான் சரி, ஃபோர்த் 135 வரைக்கும் போகும். அவர் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்ல, அது அவரு ரோடு.

4.30, 4.56 எல்லாம் இருக்கு. 4.30 போட்டா செகண்ட் 58-59 மைல்ல முடிஞ்சிரும், 0-60க்கு இன்னொரு கியர் மாத்தணும். 4.10-ல 61 சொச்சம் வருதே, அது சும்மா அமைஞ்சது இல்ல, இந்த பாக்ஸுக்கும் இந்த டயருக்கும் 4.10 பாப்புலர் ஆனதுக்கு இதுவும் ஒரு காரணம்னுதான் எனக்கு தோணுது. கால் மைல் ஓட்டத்துல மட்டும் ஒரு உறுத்தல், ஸ்டாக் வண்டி ஃபினிஷ் லைன 100 மைல் சுத்தி தாண்டும், 3.55-ல தேர்டுலயே தாண்டிடலாம், 4.10-ல 93-லயே ஃபோர்த் போட்டாகணும். ஒரு ஷிஃப்ட் கூடுது. கை நல்லா போட்டா பரவால்ல, சொதப்பினா ஸ்டார்ட்ல கெடச்ச லாபம் அங்கயே போச்சு.

சூப்பர்சார்ஜர் (இஞ்சினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ளி பவர் ஏத்தறது) போடற ஐடியா இருந்தா இந்தப் பக்கமே வராதீங்க. கீழ இருந்தே டார்க் கொட்டும்போது ஷார்ட் கியர் போட்டா ஃபர்ஸ்ட், செகண்ட் ரெண்டும் டயர் புகைக்கத்தான் உதவும். அவங்களுக்கு 3.55 சொர்க்கம், ஆட்டோமேட்டிக்ல வர்ற 3.31 கூட ஓகே.

இனி வேலை.

8.8 ஆக்சில்ல ஒரு நல்ல விஷயம், ரேஷியோ எதுவா இருந்தாலும் கேரியர் (கிரவுன் வீல தாங்கற கூடு) ஒண்ணுதான், வேற கேரியர் தேட வேண்டாம். கிரவுன் பினியன் செட், பேரிங்-ஷிம்-க்ரஷ் ஸ்லீவ்-சீல் எல்லாம் சேந்த இன்ஸ்டால் கிட் (ஷிம்னா இடைவெளிய சரி பண்ற மெல்லிய வளையம்), மஞ்ச மார்க்கிங் பெயிண்ட், 75டபிள்யூ-140 சிந்தெடிக் ஆயில், ட்ராக்-லாக் (ஃபோர்டோட லிமிடெட் ஸ்லிப் டிஃப்) இருக்கறதால ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் ஒரு சின்ன பாட்டில். டூல்ல காசு மிச்சம் புடிக்கக் கூடாத ரெண்டு, மேக்னட் ஸ்டாண்டோட டயல் கேஜ், முள் வச்ச இஞ்ச்-பவுண்ட் டார்க் ரெஞ்ச். க்ளிக் டைப் ரெஞ்ச் பினியன் ப்ரீலோடுக்கு (பேரிங்க எவ்வளவு இறுக்கி வச்சிருக்கோம்ங்கறதுக்கு) உதவாது, சுத்தும்போது எவ்வளவு இழுக்குதுன்னு முள்ளப் பாத்து படிக்கணும், க்ளிக் டைப்புல அது தெரியாது.

வண்டிய ஸ்டாண்டுல ஏத்தி, வீல், காலிப்பர், டிஸ்க் கழட்டி, டிஃப் கவரோட 10 போல்ட்டயும் லூஸ் பண்ணி மேல ரெண்ட மட்டும் விட்டுட்டு கீழ நெம்பினா ஆயில் இறங்கிடும். பழைய கியர் ஆயில் நாத்தம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அன்னிக்கு போட்ட சட்டைய தூக்கித்தான் போட்டேன். ப்ராபல்லர் ஷாஃப்ட கழட்டறதுக்கு முன்னாடி ஃப்ளேஞ்சுலயும் ஷாஃப்டுலயும் பெயிண்ட் மார்க் போட்டுக்கங்க, அதே இடத்துல திரும்ப வரணும், இல்லன்னா வைப்ரேஷன் வந்து எங்கேருந்து வருதுன்னு தேடி அலையணும்.

ஆக்சில் ரெண்டும் சி-க்ளிப்புல நிக்குது, அதுக்கு க்ராஸ் பின்ன எடுக்கணும், க்ராஸ் பின்ன பிடிச்சிருக்கறது ஒரு சுண்டு விரல் போல்ட்டு. இந்த போல்ட்டு உடையறதுக்குப் பேர் போனது. பன்னெண்டு முனை சாக்கெட் எல்லாம் போடாதீங்க, ஆறு முனைதான், கொஞ்சம் சூடு காட்டி, மெதுவா. வந்துச்சு. புதுசு ஒண்ணு வாங்கி வச்சுக்கறது நல்லது, பழசத் திரும்பப் போடாதீங்க.

கேரியர் கேப் ரெண்டும் இடது வலது மாறக் கூடாது, மேல கீழ மாறக் கூடாது, பஞ்ச் வச்சு குத்து வச்சிட்டேன். கேரியர் டைட்டா உக்காந்திருக்கும், நெம்பி எடுக்கணும், எடுக்கும்போது ரெண்டு பக்க ஷிம்மும் எந்தப் பக்கம் எதுன்னு தனித்தனி கவர்ல. கம்பெனி ஷிம் வார்ப்பிரும்பு, சுத்தியல்ல தட்டினா பிஸ்கட் மாதிரி உடையும், அளவு எடுக்க மட்டும் வச்சுக்கிட்டு கிட்ல வந்த ஸ்டீல் ஷிம்தான் போட்டேன்.

இதுக்கப்புறம்தான் உண்மையான வேலை. பினியன் எவ்வளவு உள்ள உக்காரணும்கறது தலைக்கும் பெரிய பேரிங்குக்கும் நடுவுல இருக்கற ஒரே ஒரு ஷிம்மப் பொறுத்தது. பழைய பினியன்ல இருந்த ஷிம் மைக்ரோமீட்டர்ல 30 தௌ (ஒரு இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு தௌ). பழைய பேரிங்கோட உள்வட்டத்த எமரி போட்டு லூஸ் ஆக்கி செட்டப் பேரிங்கா வச்சுக்கிட்டேன், அப்பதான் ஒவ்வொரு தடவை ஷிம் மாத்தும்போதும் ப்ரெஸ்ஸுக்கு ஓட வேண்டாம், கையிலயே போட்டு கையிலயே எடுக்கலாம். ஹெல்ப்புக்கு வந்தவரு கோயம்புத்தூர்ல டூல் ரூம்ல வேலை பாத்துட்டு இங்க வந்தவரு, இப்ப சாஃப்ட்வேர்தான் ஆனா கை மறக்கல, டயல் கேஜ அவரு கையில குடுத்துட்டு நான் ஸ்பேனர் பிடிச்சேன்.

கிரவுன் வீல கேரியர்ல ஏத்தறதுக்கு லேசா சூடு பண்ணணும். சமையல் ஓவன்ல வைக்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு, வீட்டம்மா பாத்த பார்வையில ஹீட் கன்னே போதும்னு முடிவாச்சு. 10 போல்ட்டுக்கும் சிவப்பு லாக்டைட், எதிரெதிரா இழுத்து, கடைசியா 80 ஃபுட்-பவுண்ட்.

க்ரஷ் ஸ்லீவ் போடாம, பினியன தற்காலிகமா டைட் பண்ணி, கேரியர உள்ள வச்சு, முதல் பேட்டர்ன் (பல்லும் பல்லும் தொடற இடத்தோட அச்சு). கிரவுன்ல நாலஞ்சு பல்லுக்கு மஞ்ச பெயிண்ட் ரெண்டு பக்கமும் தடவி, ஒரு ஆள் கிரவுன துணியால அழுத்திப் பிடிக்க இன்னொரு ஆள் பினியன முன்னயும் பின்னயும் சுத்தணும். பிடிச்சு சுத்தினாத்தான் அச்சு தெளிவா விழும், சும்மா சுத்தினா ஒண்ணும் தெரியாது. விழுந்த அச்சு ரெண்டு பக்கமும் பல்லோட மேல் விளிம்ப ஒட்டி ஒல்லியா இருந்துச்சு. பினியன் ஆழம் பத்தல. அச்சு மேல இருந்தா பினியன் இன்னும் உள்ள போகணும், அடியில பள்ளத்துல விழுந்தா வெளிய வரணும், பல்லோட நீளத்துல இந்த ஓரம் அந்த ஓரம்னு நகர்றது பெரும்பாலும் பேக்லாஷ் (ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கற ஆட்டம்) சமாச்சாரம், அத கடைசியில பாத்துக்கலாம்.

30 எடுத்துட்டு 32 போட்டோம். ரெண்டு தௌன்னா ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம்தான், ஆனா பேட்டர்ன் நல்லாவே இறங்கி பல்லுக்கு நடுவுல முட்டை வடிவத்துல வந்து உக்காந்துச்சு. "போதும், இதுக்கு மேல அழகு பாக்காதீங்க"ன்னாரு டூல் ரூம்காரர். சரின்னு அந்த ஷிம்மோட புது பேரிங்க ப்ரெஸ் பண்ணியாச்சு.

அப்புறம் க்ரஷ் ஸ்லீவ். ஒரு இரும்பு உருளை, ரெண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவுல, நட்ட இறுக்க இறுக்க அது நசுங்கணும், நசுங்கும்போதுதான் பேரிங்குக்கு ப்ரீலோட் வரும். ஆரம்பிக்கறதுக்கே 140 ஃபுட்-பவுண்டுக்கு மேல வேணும், நெஜத்துல அத விட ரொம்ப ரொம்ப ஜாஸ்தி. ஃப்ளேஞ்ச பிடிக்க ஒரு பட்டை இரும்புல ஓட்டை போட்டு ஹோல்டர் செஞ்சேன், ப்ரேக்கர் பார்ல ஆறடி குழாய் சொருகி ஒருத்தர் அதுல தொங்க, ஒருத்தர் ஹோல்டர் பிடிக்க. ரொம்ப நேரம் ஒண்ணுமே நடக்காது, பினியன் லொட லொடன்னு ஆடிக்கிட்டே இருக்கும். ஆட்டம் நின்னதும் உஷாராயிடணும். அப்ப இஞ்ச்-பவுண்ட் ரெஞ்ச மாட்டி சுத்திப் பாத்தா 6 இஞ்ச்-பவுண்ட். நட்ட ஒரு இழை நகத்தி பாத்தா 11. இன்னொரு இழை, 17. இன்னும் கொஞ்சம், 22. நிறுத்தியாச்சு. புது பேரிங்குக்கு 16-ல இருந்து 29 வரைக்கும் இருக்கலாம், பழைய பேரிங்னா 8-ல இருந்து 14. 29 தாண்டிட்டா நட்ட லூஸ் பண்ணி சரி பண்ணலாம்னு நினைக்காதீங்க, நசுங்கின ஸ்லீவ் திரும்ப எழும்பாது, புது ஸ்லீவ் போட்டு முதல்ல இருந்து வரணும். அதுக்குன்னே ஸ்பேர் ஒண்ணு வாங்கி வச்சிருந்தோம், டப்பாவுலயே இருக்கு.

பேக்லாஷ் ஸ்பெக் 8-ல இருந்து 15 தௌ. கிரவுன் பக்கம் ஷிம்ம எவ்வளவு ஏத்தறோமோ இன்னொரு பக்கம் அவ்வளவு இறக்கணும், அப்பதான் கேரியர் பேரிங் ப்ரீலோட் மாறாம கிரவுன் மட்டும் பினியன் பக்கம் நகரும். முதல் அளவு 14, ஷிம் மாத்தினதும் 10. கிரவுன சுத்தி நாலு இடத்துல எடுத்தோம், 10, 10, 11, 10. நாலுக்கும் நடுவுல வித்தியாசம் 4 தௌவுக்கு மேல போனா கிரவுன் நேரா உக்காரலன்னு அர்த்தம். கேப் போல்ட் 75 ஃபுட்-பவுண்ட், கடைசியா ஒரு பேட்டர்ன், கவர் மூடி ஆயில்.

ஸ்டார்ட் பண்ணி ரோட்டுக்கு போறதுக்கு முன்னாடி ஹேண்ட்ஹெல்ட் ட்யூனர்ல (வண்டி கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தற கைக்கருவி) ஆக்சில் ரேஷியோவ 4.10-னு மாத்தியே ஆகணும். இந்த வண்டில ஸ்பீடோமீட்டருக்கு கணக்கு பாக்ஸ் அவுட்புட்ல இருந்து போகுது, மாத்தலன்னா நெஜமா 60 போகும்போது 69 காட்டும், ஓடோமீட்டரும் அதே விகிதத்துல பொய் சொல்லும். ஜிபிஎஸ்ஸ வச்சு சரி பாத்தேன், ஒத்துப் போகுது. ப்ரேக்-இன் முக்கியம், முதல்ல ஒரு இருபது நிமிஷம் மெதுவா ஓட்டி, முழுசா ஆற விட்டு, திரும்ப ஓட்டி, திரும்ப ஆற விட்டு, முதல் 500 மைல் முழு த்ராட்டில் கிடையாது. புது கியர் முதல் சூட்டுல ஓவர்ஹீட் ஆச்சுன்னா பல்லு மேற்பரப்பு கெட்டுரும், அப்புறம் ஆயுசுக்கும் ஊளைதான்.

ஓட்டறதுக்கு எப்படி? சிட்டில வண்டி வேற வண்டி. முன்னாடி 50 மைல்ல அஞ்சுல போனா 1490 ஆர்பிஎம்ல முனகிக்கிட்டே போகும், லேசா மிதிச்சாலும் ஃபோர்த்துக்கு இறங்கணும். இப்ப 1720-ல அஞ்சுலயே நிக்குது, மிதிச்சா நகருது. இந்த 3 வால்வ் இஞ்சின் 3000-க்கு கீழ கொஞ்சம் சோம்பேறி, அங்கதான் 4.10 நெஜமா காசு குடுத்த வேலைய செய்யுது. ஃபர்ஸ்ட் மட்டும் பேருக்குத்தான் இருக்கு, க்ளட்ச் விட்டதும் செகண்ட் கேக்குது. ஸ்டாண்டிங் ஸ்டார்ட்ல ஸ்டாக் டயர் பிடிக்கல, முன்னாடியும் பிடிக்காது, இப்ப சுத்தமா பிடிக்கல. அதனால 0-60 நேரத்துல பெருசா எதிர்பாக்காதீங்க, ஒட்டற டயர் இல்லாம அந்த 15 சதவீதம் புகையாத்தான் போகும்.

ஹைவேல 70-ல 2090 இருந்தது 2410 ஆச்சு. ஏறக்குறைய 320 ஆர்பிஎம், ரேடியோ போட்டா தெரியாது. ஆனா எஸ்எச் 130 டோல் ரோட்டுல லிமிட்டே 85, அங்க 2930-ல போகுது, முன்ன 2540. அது காதுக்கு தெரியுது, எக்ஸாஸ்ட் மாத்தின வண்டின்னா ட்ரோன் (விடாம ஒரே மாதிரி கேக்கற இரைச்சல்) ஆரம்பிக்கற இடமே இதுதான், அரை மணி நேரத்துல தலை வலிக்கும். மைலேஜ் ஹைவேல கேலனுக்கு ஒண்ணு ஒண்ணரை மைல் போச்சு, சிட்டில வித்தியாசம் தெரியல, இன்னும் சொல்லப் போனா சிட்டில முன்ன மாதிரி கீழ் கியர்ல இழுக்காததால சமமாத்தான் இருக்கு.

யாரும் அதிகம் பேசாத ஒரு செலவு, ப்ராபல்லர் ஷாஃப்ட். 100 மைல்ல 3.55-ல ஷாஃப்ட் 4390 சுத்துச்சு, இப்ப 5070 சுத்துது. கியர் எதுல இருந்தாலும் ரோட்டு வேகத்துக்கு ஷாஃப்ட் சுத்தறது டிஃப்தான் முடிவு பண்ணுது. இந்த வண்டில கம்பெனி ஷாஃப்ட் ரெண்டு துண்டு, நடுவுல பேரிங், கனம். முன்ன 115-ல வரக்கூடிய அதிர்வு இப்ப 100-லயே வரும். எனக்கு சீட்டுல லேசா தெரியுது, ரோட்டுல அந்த வேகம் போறதில்லங்கறதால இப்போதைக்கு விட்டிருக்கேன். டிராக் சீசனுக்கு முன்னாடி ஒத்தத் துண்டு அலுமினிய ஷாஃப்ட் போட்டாகணும், அத 4.10-ஓட விலையில சேத்துக்கங்க. சர்க்யூட்காரர் இதயும் முன்னாடியே சொன்னாரு.

சத்தம்? ஆக்சிலரேட்டர் விட்டு 60-லேந்து 50-க்கு இறங்கும்போது மெல்லிசா ஒரு ஊய்ங், ஜன்னல மூடினா இல்ல. மிதிக்கும்போது சத்தம் இல்ல. மிதிக்கும்போது ஊளையிட்டாத்தான் செட்டப் சரியில்லன்னு கவலப்படணும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஒரு கடையில குடுத்து மாத்தினாரு, வாங்கிட்டு வந்த அன்னிக்கே 40 மைல்ல ஆம்புலன்ஸ் மாதிரி கத்துச்சு, கேட்டா "புது கியர்னா அப்படித்தான் சார், போகப் போக அடங்கிடும்"னாங்களாம். அடங்காது. கடையில குடுக்கறதா இருந்தா பேட்டர்ன் போட்டோவும் பேக்லாஷ் நம்பரும் எழுதிக் குடுப்பீங்களான்னு முதல்லயே கேளுங்க, குடுக்க மாட்டேன்னா வேற கடை பாருங்க.

500 மைல்ல ஆயில மாத்தினேன். ட்ரே அடியில மேக்னட்ட விட்டுப் பாத்தா சாம்பல் நிறத்துல பேஸ்ட் மாதிரி ஒட்டுச்சு, விரல்ல தேச்சா நெருடல, துகள் இல்ல. புது கியருக்கு அது சகஜம். துகளா, செதிலா வந்திருந்தா கவர் திரும்பத் தொறந்திருக்கும். பழைய 3.55 செட்ட சூப்பர்சார்ஜர் போடப் போற தம்பி ஒருத்தன் கேட்டான், அவன் வண்டில 4.10 போட்டு யாரோ வித்திருக்காங்க, டயர் நிக்க மாட்டேங்குதாம். குடுத்துட்டேன். கிரவுனும் பினியனும் ஜோடியா சேத்து அரைச்சது, ஒண்ண மட்டும் எடுத்து இன்னொரு செட்டோட போடாதடான்னு சொல்லி, 30 தௌ ஷிம்மையும் அதே கவர்ல போட்டு அனுப்பினேன். அவன் ஹவுசிங் வேற, அந்த அளவு அப்படியே பொருந்தும்னு இல்ல, ஆனா முதல் பேட்டர்ன் எடுக்க எங்கேருந்தாவது ஆரம்பிக்கணுமே.